அரசியல் யாப்பும் பெண்நிலை நோக்கும்: இலங்கை அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

இனமுரண்பாடு கூர்மையடைந்த நாடுகளிலே அரசியல் யாப்பு பற்றிய விவாதம் பெரும்பாலும் இரு தரப்பினரின் பேரமாகவே நடைபெறுகின்றது. ஒற்றையாட்சியா சமஷ்டியா, மத்திக்கு எவ்வளவு மாகாணத்துக்கு எவ்வளவு என்பனவே வினாக்கள். இனம் பிளவற்ற முழுமையாகக் கொள்ளப்படும்போது, அதனுள்ளே நிலவும் வர்க்க, சாதி, பால் ஏற்றத்தாழ்வுகள் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. இலங்கையின் யாப்பு, சட்ட வரலாற்றிலிருந்து சில கட்டங்களை எடுத்து இதனை நோக்குவோம்.

1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தனர். இந்தியத் தமிழ்த் தோட்டத் தொழிலாளப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே என்ற கருத்துப்பட அக்னஸ் டி சில்வா விடையளித்தார் என்பர். கொழும்பு மேட்டுக்குடியினரின் சங்கத்திலிருந்து இவ்விடை வந்தமை கருத்திற் கொள்ளத்தக்கது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற தலைவர்களோ சர்வசன வாக்குரிமையையே எதிர்த்து நின்றனர். பெண்களுக்கு முப்பது வயதில் வாக்குரிமை என ஆணைக்குழு விதந்துரைத்தது. எனினும் 1931இல் இருபாலாருக்கும் இருபத்தொரு வயதே நடைமுறைக்கு வந்தது. இந்திய வம்சாவழியினருக்கு மாத்திரம் வதிவிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

இவ்வுரிமை நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை இனப்பாகுபாட்டுச் சட்டமாகவே நாம் வாசித்துப் பழகியுள்ளோம். அது சரியே. ஆனால் அச்சட்டம் எந்தக் கருவியால் விலக்கிற்று? இலங்கையில் முன்னர் பிறந்தவர் தம் தந்தை இங்கு பிறந்ததையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததையோ காட்டுதல் வேண்டும். தாய் எங்கு பிறந்தாள் என்பது கணக்கில் இல்லை. கொழுந்து பறித்து ஏற்றுமதிப் பொருளாதாரத்தைத் தாங்கிய பெண், தன் பிள்ளைக்கு நாட்டைக் கொடுக்கும் தகுதியற்றவளாயினாள். தந்தைவழி மரபு என்னும் பழைய ஆணாதிக்க நியமமே இங்கு இனவிலக்கின் ஆயுதமாயிற்று. 1949இல் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் வாக்கையும் இழந்தனர். 2003ஆம் ஆண்டின் திருத்தமே வம்சாவழிப் பிரஜாவுரிமையில் தாய்க்கும் இடமளித்தது.

1978ஆம் ஆண்டு யாப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடைசெய்கின்றது. 16ஆம் உறுப்புரையோ, முன்பிருந்த எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் யாவும் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்கின்றது. 1972 யாப்பிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கும் இவ்வேற்பாட்டினாலேயே தேசவழமை, கண்டியச் சட்டம், முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் ஆகியன சமத்துவக் கோரிக்கைக்கு அப்பால் நிற்கின்றன.

தனியாள் சட்டங்களிற் கைவைப்பது சிறுபான்மையினரின் அடையாளத்தை அழிப்பதாகும் என்ற அச்சம் உண்டு. 1956இன் மொழிச் சட்டத்தையும் 1972 யாப்பையும் அனுபவித்தோரின் அவ்வச்சத்தை வெறும் பிற்போக்கென ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் காக்கப்படுவது யாது? தேசவழமை ஒல்லாந்தரால் 1707இல் தொகுக்கப்பட்டது. மணமான பெண் தன் அசையா ஆதனத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்னும் விதி, பிரித்தானியர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாகவுரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் வாசகமாகும். தொன்மை என நாம் போற்றுவதில் குடியேற்றவாத நிருவாகியின் பேனாவும் கலந்துள்ளது.

யுத்தம் 2009இல் முடிந்தபின் இவ்விதி புதிய கொடுமையைப் பெற்றது. கணவன் காணாமலாக்கப்பட்ட பெண், தன் சீதனக் காணியை விற்றுப் பிள்ளைகளை வளர்க்க நினைத்தால், கணவனின் இருப்பிடம் அறியப்படவில்லை எனக் கூறி மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டியவளாகின்றாள். அவன் இறந்தான் என ஏற்க மறுத்து வீதியோரப் போராட்டத்தில் அமர்ந்திருப்பவள் விதவையென்று உரிமை கோரவும் மாட்டாள். 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாண விடயங்களுள் சேர்த்த நாள் முதல், அவ்வதிகாரம் கொழும்புக்கா யாழ்ப்பாணத்துக்கா என்பது ஓயாத வாதமாயுள்ளது. அக்காணியின் உறுதியில் அவளது கையொப்பம் மட்டும் போதுமா என்ற வினா அவ்வாதத்தில் இன்னும் இடம்பெறவில்லை.