வெள்ளத்தில் நனைந்த பம்பு மோட்டார்களும் மெக்கர் சோதனையும்

விழுப்புரம், திண்டிவனம் தாலுக்காக்களில் நெல், கரும்பு, மணிலா முதலிய பயிர்கள் பெரிதும் கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. ஏரிகள் பல உண்டாயினும், ஏரி வற்றிய பின் பயிரைக் கரை சேர்ப்பது கிணறேயாகும். முன்னாளில் கவலையும் ஏற்றமும் செய்துவந்த வேலையை இக்காலத்தில் மின்சார மோட்டார் செய்கிறது. கவலை மாட்டுக்கு நோய் கண்டால், அது அசைபோடாதிருப்பதையும் மூக்கு உலர்ந்திருப்பதையும் பார்த்தே குடியானவர் அறிந்துகொள்வார். மோட்டாருக்குக் கண்ட நோயோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வெளியே துடைத்துவிட்டால் புதியதுபோலக் காணப்படும் மோட்டார், உள்ளே ஈரம் தங்கி உயிரைக் குடிக்கும் நிலையில் இருக்கக்கூடும். அதனை அறிவதற்கென ஏற்பட்ட கருவியே மெக்கர் என்று வழங்கும் மின்காப்புச் சோதனைக் கருவியாம்.

இதன் அவசியம் 2024ஆம் ஆண்டில் இப்பகுதியில் நன்கு விளங்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்த இரு தினங்களில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேற்பட்ட தண்ணீர் வந்து, தென்பெண்ணைக் கரையோரத்து வயல்களையும் ஊர்களையும் மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்த பின் பயிர் போன துயரம் ஒருபுறமிருக்க, சேறு புகுந்த மோட்டாரை உடனே ஓட்டிப் பார்க்கலாமா என்ற கேள்வியும் எழுவது இயல்பு. ஓட்டிப் பார்ப்பதே சோதனை என்று எண்ணுவது பெரும் பிழை. அந்தச் சோதனையில் மோட்டார் தோற்றால் காயில் கருகும்; மனிதர் தோற்றால் உயிர் போகும்.

கருவி செய்யும் இரு வேலைகள்

கையில் எடுத்துச் செல்லத்தக்க இக்கருவிகளில் பெரும்பாலானவை இரண்டு சோதனைகளைச் செய்கின்றன. இவ்விரண்டையும் ஒரு வாய்க்காலைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வாய்க்காலின் தலைமடையில் விட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருகிறதா என்று பார்ப்பது ஒன்று. இடையில் கரையின் பக்கவாட்டில் கசிகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது தொடர்ச்சிச் சோதனை. கம்பியைச் சுற்றியுள்ள காப்பு வழியாக மின்சாரம் மோட்டாரின் இரும்பு உடலுக்குக் கசிகிறதா என்று பார்ப்பது மின்காப்புச் சோதனை.

சாதாரண மீட்டராலோ டெஸ்ட் விளக்காலோ இரண்டாவது சோதனையைச் சரிவரச் செய்ய இயலாது. ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது கரை உறுதியாகவே தோன்றும். ஏரி நிரம்பி அழுத்தம் ஏறிய பின்னரே ஊற்றுக்கண் வெளிப்படும். அதுபோலவே, சில வோல்ட் பாட்டரி உள்ள மீட்டருக்கு நல்லதாகத் தோன்றும் ஈரக் காப்பு, 415 வோல்ட் மின்சாரம் பாய்ந்தவுடன் விட்டுக்கொடுத்துவிடும். மெக்கரோ 500 வோல்ட் நேர்மின்சாரத்தைச் செலுத்தி, காப்பின் தடையை மெகா ஓம் அளவில் காட்டுகிறது. ஒரு மெகா ஓம் என்பது பத்து லட்சம் ஓம்.

மெக்கர் என்னும் பெயர் இங்கிலாந்தில் இக்கருவியைச் செய்த எவர்ஷெட் அண்டு விக்னோல்ஸ் கம்பெனியார் இட்ட வியாபாரப் பெயர். பின்னர் அதுவே கருவிக்குப் பொதுப் பெயராயிற்று. பழைய மாதிரியில் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். புதிய மாதிரி பாட்டரியால் இயங்கி, எண்ணால் அளவைக் காட்டும். 415 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் கருவியே ஏற்றது. அதிக வோல்ட் வைத்தால் விரைவில் தெரியும் என்று 1000 வோல்ட்டில் வைப்பது, ஈரக் காப்பை வீணே உடைப்பதாகும்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

சோதனையைச் செய்யவேண்டியவர் லைசென்ஸ் பெற்ற ஒயர்மேனே. ஆயினும் நிலத்துக்குரியவர் முறையை அறிந்திருந்தால், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கவனிக்கவும், அவசரப்படுவோரைத் தடுக்கவும் முடியும்.

முதலாவது, மின்சாரத்தை முற்றிலும் துண்டிக்க வேண்டும். “இப்போது கரண்ட் இல்லை” என்பது துண்டித்ததாகாது. பல கிணறுகளில் மின்சாரம் வந்தவுடன் தானே மோட்டாரைக் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தியிருக்கிறார்கள். கைப்பேசி மூலம் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடும் கருவிகளும் வந்துவிட்டன. கிணற்றடியில் ஒருவர் கம்பியைப் பிடித்திருக்கையில், வீட்டில் இருப்பவர் அறியாமல் மோட்டாரைப் போட்டுவிடலாம். ஆகவே மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி, வேலை செய்பவர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியையும் தம் வசம் வைத்துக்கொள்ளுதல் உத்தமம். டிரான்ஸ்பார்மரில் ஏறிப் பியூஸைப் பிடுங்குவது எக்காரணத்தாலும் கூடாது. அது மின்வாரியத்தாரின் வேலை. சுவிட்சுப் பெட்டியே நனைந்திருந்தால் அதையும் தொடாமல் அவர்களுக்கே அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம் இல்லை என்பதை மின்சாரம் காட்டும் கருவியால் மூன்று பேஸிலும் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கருவி வேலை செய்கிறதா என்பதை, முன்னும் பின்னும் மின்சாரம் உள்ள ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது முறை.

மூன்றாவது, கண்டென்சர் இருந்தால் அதில் தங்கிய மின்சாரத்தை ஒயர்மேனைக் கொண்டு இறக்கிவிட்டு, இணைப்பிலிருந்து கழற்ற வேண்டும். மெயின் இறக்கிய பின்னும் கண்டென்சர் கடுமையாகத் தாக்கும்.

நான்காவது, மோட்டாருக்குச் செல்லும் கம்பிகளை ஸ்டார்ட்டரிலிருந்து பிரித்துவிட வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர், பேஸ் தடுப்பான், கைப்பேசிக் கருவி ஆகியவற்றின் நுண்ணிய பாகங்களில் 500 வோல்ட் பாய்ந்தால் அவை பழுதாகும். மேலும் அவற்றின் குறை மோட்டாரின் குறையாகத் தோன்றும்.

ஐந்தாவது, கிணற்றைச் சுற்றி யாரும் மோட்டாரையோ குழாயையோ தொட்டுக்கொண்டு நிற்கலாகாது. மெக்கர் செலுத்தும் மின்சாரம் மிகச் சிறிதாகையால் பெரும்பாலும் உயிருக்கு அபாயம் செய்வதில்லை. ஆனால் திடுக்கிடச் செய்யும். கைப்பிடிச் சுவரில்லாத திறந்த கிணறுகளின் விளிம்பிலோ, கிணற்றுள் மோட்டார் வைத்த மேடையிலோ நிற்பவர் திடுக்கிட்டால் விளைவு என்னவென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சோதிக்கும் முறை

முதலில் கருவியையே சோதிக்க வேண்டும். அதன் இரு முனைகளையும் பிரித்து வைத்துச் சோதித்தால் முடிவிலி காட்ட வேண்டும். ஒன்றுசேர்த்துச் சோதித்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். இவ்வாறு காட்டாத கருவியின் சொல்லை நம்பலாகாது.

அடுத்து, தொடர்ச்சிச் சோதனை. மோட்டாரின் மூன்று காயில்களையும் முனைக்கு முனை பார்க்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக இருத்தல் அவசியம். ஒன்று முடிவிலி காட்டினால் அக்காயில் அறுந்திருக்கிறது. ஒன்று மட்டும் மிகவும் குறைந்திருந்தால் அதில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். பின்னர் மோட்டாரின் உடலுக்கும் எர்த் கம்பிக்கும் இடையே தொடர்ச்சி உண்டா என்று பார்க்க வேண்டும். இதனைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெள்ளத்தில் எர்த் கம்பி அறுந்தோ, துருவேறியோ போயிருந்தால், கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியின்றி, தொட்டவர் உடல் வழியே போகும். இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது: எர்த் கம்பி அறுபடாமல் இருக்கிறது என்பதை மட்டுமே இச்சோதனை காட்டும், எர்த் குழி மண்ணோடு நன்கு பிடித்திருக்கிறதா என்பதை அளப்பதற்கு வேறு கருவி உண்டு.

மூன்றாவதாக, மின்காப்புச் சோதனை. கருவியின் ஒரு முனையை மோட்டார் உடலில், வண்ணப்பூச்சைச் சுரண்டிய இடத்தில் சேர்த்து, மறுமுனையைக் காயிலின் முனையில் சேர்க்க வேண்டும். கைப்பிடிக் கருவியாயின் ஒரே வேகத்தில் ஒரு நிமிஷம் சுற்றி, முள் நிலைத்த பின் அளவைக் குறிக்க வேண்டும். மூன்று காயில்களையும் இவ்வாறே பார்த்தபின், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டருக்குரிய ஆறு முனை மோட்டாராயின், ஒரு காயிலுக்கும் மற்றொரு காயிலுக்கும் இடையிலும் பார்க்க வேண்டும். சோதனை முடிந்தவுடன் முனைகளைக் கையால் பிடிக்கலாகாது. நீண்ட கேபிளில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். கருவி அதனை இறக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

அளவைக் கொண்டு அறிவது

புதிதாகக் காயில் கட்டிய நல்ல மோட்டார் பல பத்து மெகா ஓமுக்கு மேல் காட்டும். 5 மெகா ஓமுக்குக் குறைந்தால் காரணத்தை ஆராய வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் மோட்டாருக்கு எக்காரணத்தாலும் இணைப்புக் கொடுக்கலாகாது. பூஜ்யம் காட்டினால் கம்பி உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சூடு பத்து டிகிரி சென்டிகிரேடு ஏறினால் இவ்வளவு ஏறக்குறையப் பாதியாகும். ஆதலால் ஓடி நின்ற மோட்டாரையும், பனி படிந்த மோட்டாரையும் ஒப்பிட்டு மயங்கலாகாது. ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் சோதித்தலே முறை.

குழாய்க் கிணற்றுக்குள் இறக்கிய நீர்மூழ்கி மோட்டாரில் நீரும் கேபிள் இணைப்பும் சேர்ந்திருப்பதால் அளவு சற்றுக் குறைந்தே காணும். மோட்டாரைப் புதிதாய் இறக்கிய அன்று எடுத்த அளவோடு ஒப்பிட்டே அதனை மதிப்பிட வேண்டும். அளவு திடீரென வீழ்ந்திருந்தால், பெரும்பாலும் குறை மோட்டாரில் அன்று, கேபிள் ஒட்டில் இருக்கும். மேலே இழுத்தபின், ஒட்டிய இடத்தை மட்டும் ஒரு தொட்டித் தண்ணீரில் மூழ்கவைத்து, கேபிளுக்கும் தண்ணீருக்கும் இடையே சோதித்தால் அது வெளிப்படும். இதனை அறியாது நல்ல மோட்டாருக்குக் காயில் கட்டிப் பணத்தை வீணாக்குவோர் உண்டு.

நனைந்த மோட்டாரை உலர்த்துதல்

சேறு புகுந்த மோட்டாரைப் பிரித்து, முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். சேற்றோடு உலர்த்தினால் மண் காயிலில் படிந்து, மறுபடி ஈரத்தை இழுக்கும். பின்னர் வெயிலிலோ, உள்ளே மின்விளக்கு எரியவைத்து அதன் வெதுவெதுப்பிலோ உலர்த்தலாம். தீ மூட்டிக் காய்ச்சுவது கூடாது, காப்பு கருகிவிடும். உலர்த்தத் தொடங்கியவுடன் மெக்கர் அளவு முதலில் குறையும். அது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஈரம் வெளியேற வெளியேற அளவு உயர்ந்து, பின் பல மணி நேரம் ஒரே நிலையில் நிற்கும். அப்போதே உலர்ந்தது என்று கொள்ளலாம். பேரிங்குகளைக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்தலும் அவசியம்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

வெள்ளம் வடிந்த முதல் சில தினங்களே அபாயம் மிக்கவை. “சோதிக்காமல் மோட்டார் போடாதீர்” என்று ஒலிபெருக்கியால் ஊரில் அறிவித்தல் பெரும் நன்மை தரும். ஒவ்வொருவரும் கருவி வாங்க வேண்டுவதில்லை. ஓர் ஊரார் கூடி ஒரு கருவியும் ஒரு ஒயர்மேனும் அமர்த்திக்கொண்டால், ஒரு நாளில் பல கிணறுகளைச் சோதித்துவிடலாம். ஊராட்சிக் குடிதண்ணீர் மோட்டாரையும் தெருக்குழாயையும் அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனைத் தொடுவோர் ஊர் முழுவதும் அல்லவா! விபத்து ஏதேனும் நேர்ந்தால், 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி அது மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டியதாகும்.

கடைசியாக, ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு சிறு குறிப்பு அட்டை வைத்து, சோதித்த தேதி, மூன்று காயில்களின் அளவு, எர்த் தொடர்ச்சி ஆகியவற்றை மழைக்காலத்திற்கு முன் ஒரு முறையும், பின் ஒரு முறையும் எழுதிவருவது நலம். புரட்டாசியில் 50 மெகா ஓமாக இருந்தது தையில் 4 ஆகிவிட்டது என்று அட்டை சொல்லுமாயின், கருகுவதற்கு முன்பே மோட்டாரை எடுத்து உலர்த்தலாம். கரை உடைந்தபின் மண் கொட்டுவதைவிட, ஊற்றுக் கண்டபோதே அடைப்பது எளிது என்பது ஏரிப் பாசனக் குடியானவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி அன்று. மோட்டாருக்கும் அதுவே விதி.