12/75: ஒரு தகடு, ஒரு கையெழுத்து, கிருஷ்ணா ரெட்டி

எங்கள் திருக்கோவிலூர் பக்கம் செதுக்கின எழுத்து யாருக்கும் புதுசு இல்லை. கீழையூர் வீரட்டானேசுவரர் கோவிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, கபிலர் தீப்புகுந்த செய்தியைச் சொல்கிறது. அதுபோன்ற கல்வெட்டுகளை மைப்படி எடுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். மேற்பரப்பு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும்.

உலோகத் தகட்டில் செதுக்கி எடுக்கும் அச்சோவியம் இதற்கு நேர்மாறு. தகட்டில் கோடுகளைக் கீறி, மையைத் தடவி, மேற்பரப்பைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள். கீறலுக்குள் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை மேலே வைத்து உருளை அச்சில் கொடுத்தால், அழுத்தத்தில் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். படம் இடவலம் மாறித்தான் விழும். ஒவ்வொரு பிரதிக்கும் மறுபடி மை, மறுபடி துடைப்பு. பட்டனை அமுக்கி நூறு எடுக்கிற வேலை இல்லீங்க இது.

அப்படி எடுத்த தாளின் கீழே பென்சிலில் 12/75 என்று இருக்கும். மொத்தம் 75 பிரதிகள், இது 12 என்ற எண் பெற்றது என்று அர்த்தம். முதல் எண் சின்னதாக இருந்தால் மதிப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள்; அச்சான வரிசையில்தான் எண் போட வேண்டும் என்று கட்டாயமே இல்லை. எண்ணோடு சேர்த்து ஓவியரின் கையெழுத்து. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஸ்லர் போன்றவர்கள் பரவலாக்கிய வழக்கம் இது. "இந்தத் தாளை நான் பார்த்தேன், இது சரி" என்று ஓவியர் கொடுக்கும் பொறுப்பு. எல்லாம் முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துச் செல்லாததாக்குவதும் உண்டு.

இந்தக் கலையையே புரட்டிப் போட்டவர் ஒருவர் சென்னையில் வேலை பார்த்திருக்கிறார். கிருஷ்ணா ரெட்டி. 1925-ல், அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். 1940-களின் கடைசியில் கலாக்ஷேத்ராவில் ஓவியத் துறையைக் கவனித்தார். பிறகு லண்டன், அங்கிருந்து பாரிஸ். பாரிஸில் ஹெய்டர் நடத்திய 'அட்லியே 17' பட்டறைதான் அவருடைய களம்.

அடிப்படையில் அவர் சிற்பி. தகட்டையும் சிற்பம் மாதிரியே பல ஆழங்களில் குடைந்தார். வழக்கமாக, வண்ண அச்சு என்றால் நிறத்துக்கு ஒரு தகடு வேண்டும். ரெட்டியும் பட்டறை நண்பர்களும் ஒரே தகட்டில் எல்லா நிறத்தையும் கொண்டுவரும் வழியை வளர்த்தெடுத்தார்கள். சூட்சுமம் ஆளிவிதை எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் அதிகம் சேர்த்த இளகிய மையைக் கெட்டி உருளையால் மேட்டில் பூசுவார்கள். அடுத்து எண்ணெய் குறைந்த இறுகிய மையை மெத்து உருளையால் உருட்டினால், அது பள்ளத்தில் இறங்கி ஒட்டும். இளகிய மை இருக்கிற இடத்தில் ஒட்டாது. ஆக இரண்டு நிறமும் கலக்காமல் ஒரே தகட்டில் நிற்கும்.

1963-ல் அவர் செய்த 'நீர்ச்சுழல்' இந்த வழியில் வந்ததுதான். மையின் பதமும் உருளை போகிற வரிசையும் மாறினால் ஒரே தகடு வேறு படம் மாதிரி ஆகிவிடும். அப்போது 12/75-ம் 13/75-ம் அண்ணன் தம்பி, இரட்டையர் அல்ல. 1972-ல் பத்மஸ்ரீ பெற்ற ரெட்டி, 2018-ல் நியூயார்க்கில் காலமானார்.

இதெல்லாம் எதற்கு என்றால், இன்று சாதாரண ஆஃப்செட் நகலிலும் எண்ணும் கையெழுத்தும் போட்டு 'லிமிடெட் எடிஷன்' என்று விற்கிறார்கள். காசு கொடுக்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். பூதக்கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது இயந்திர நகல். படத்தைச் சுற்றித் தகட்டு விளிம்பு அழுந்திய தடம் இருக்கிறதா? சாய்ந்த வெளிச்சத்தில் கோடு தாளை விட்டு லேசாக எழும்பி நிற்கிறதா? கையெழுத்தை அதற்கப்புறம் பாருங்கள். ஸால்வடோர் டாலி வெற்றுத்தாள்களில் கட்டுக் கட்டாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த கதை ஊரறிந்தது. வெறும் கையெழுத்தை நம்பி வாங்கினால், அந்த வெற்றுத்தாளை வாங்கின கதைதான்.