உங்களுக்குத் தெரியுமா? பழைய ஜீப்பின் 9 சிசி

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு உதவும். அதன் 2,199 சிசி சைடு வால்வு இன்ஜினில் வால்வுகள் ஹெட்டில் இல்லை. பிளாக்கில், சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. கம்ப்ரஷன் விகிதம் 6.48:1தான்.

இதை 7:1 ஆக்க, சிலிண்டருக்குச் சுமார் 9 சிசி இடம் குறைந்தால் போதும். ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் ஆயிற்று. ஆனால் வால்வு எழும்புகிற இடமும் அதே ஹெட்டுக்குள்தான் இருக்கிறது. சீவச் சீவ, வால்விலிருந்து சிலிண்டருக்குக் கலவை போகும் வழி சுருங்கி இன்ஜினுக்கு மூச்சு முட்டும். கம்ப்ரஷன் கூடிக் கிடைத்த பலன் கரைந்துவிடும். அதனால் வால்வின் தலையில் களிமண் வைத்து, கேஸ்கட்டோடு ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றி, நசுங்கிய மண்ணின் கனத்தை அளந்து பாருங்கள்.

இதைவிட அழகான வழியை முதல் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் இங்கிலாந்துப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ கண்டார். எரியறையை வால்வுகளின் மேல் குவித்து, பிஸ்டனுக்கு மேலே மெல்லிய இடைவெளி மட்டும் விட்டார். கலவை சுழன்று வேகமாக எரிந்தது. அதே பெட்ரோலிலேயே, தட்டாமல், கூடுதல் கம்ப்ரஷனை இன்ஜின் தாங்கியது.