செடியின் காவல்

ஓடவும் ஒளியவும் மாட்டாத செடி தன் பகையை அறிவது எங்ஙனம்? இலையினுள் நுழைய விழையும் பூசணம், உயிரணுச் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றது. சைலனேசு என்பது அவற்றுள் ஒன்று.

சுவர் சிதைந்த பின்னரே செடி விழிக்கும் என நாம் எண்ணக்கூடும். டிரைக்கோடெர்மா என்னும் பூசணத்தின் சைலனேசைக் கொண்டு 1999-இல் நிகழ்த்திய சோதனைகள் வேறு கூறின. அறிஞர் அந்நொதியின் சிதைக்கும் ஆற்றலைப் போக்கிவிட்டனர்; எனினும் தக்காளியும் புகையிலையும் விழித்தெழுந்தன! கன்னமிட்ட சுவரைக் கண்டு கூவுவதன்று இக்காவல். கள்வன் முகங்கண்டே எழுவது. அம்முகமோ, நொதியின் மேற்பரப்பில் அமைந்த ஐந்தே அமினோ அமிலங்களின் வரிசை.

2004-இல் தக்காளியில் இரு காவற்புரதங்கள் கண்டறியப்பட்டன. இரண்டும் சைலனேசைப் பற்றும். ஒன்றே செய்தியை உள்ளே உரைக்கும். உரைத்தபின் எத்திலீன் வாயு பிறக்கும். அவ்விடத்து உயிரணுக்கள் சில, ஏனையவை பிழைக்குமாறு தாமே மடிவதும் உண்டு. உயிருள்ள அணுக்களை அண்டி வாழும் பூசணம் அங்கே உணவின்றித் தேங்கும். ஆயின், இறந்தவற்றை உண்ணும் சாம்பற்பூசணத்திற்கோ அம்மரணமே விருந்தாகும்!

ஆதலின் விழித்திருத்தல் மட்டும் போதாது. வந்த பகை இன்னதெனத் தெளிதலும் வேண்டும். இது செடிக்கு மட்டுமோ?