மாமன் சொத்தும் மாமன் ஜாடையும்

"அப்படியே மாமனை உரிச்சு வச்சிருக்கான்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் ஜாடை மட்டுமல்ல, சொத்தும் மாமனிடமிருந்துதான் வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வேளாளர் குடும்பங்களில் மருமக்கள்வழி நடப்பில் இருந்தது. ஒருவர் இறந்தால் சொத்து அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும். சொந்தப் பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்குதான். இதில் மனைவி மக்கள் பட்ட பாட்டைத்தான் தேரூர்க்காரரான கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' என்று எழுதினார். 1926-இல் திருவிதாங்கூரில் வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் மக்கள்வழிக்குப் பாதை திறந்தது.

சரி, சொத்து இருக்கட்டும். உடம்பு எந்த வழியில் இறங்குகிறது? மக்கள்வழியா, மருமக்கள்வழியா?

பெரிய பாகம்: பாதிக்குப் பாதி

நம் செல்லில் 23 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பாவுடையது, ஒன்று அம்மாவுடையது. பிள்ளைக்குக் கொடுக்கும்போது ஜோடிக்கு ஒன்றுதான் போகும். எது போகும் என்பது பூவா தலையா மாதிரி. 1866-இல் மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்து வெளியிட்ட கணக்கின் சாரம் இதுதான்.

ஆக, ஒருவருடைய மரபணுவில் பாதி அவர் மகனுக்குப் போகிறது. சகோதரியின் மகனோடு பொதுவாக இருப்பது சராசரியாகக் கால் பங்கு. அந்தக் கால் பங்கே ஜாடைக்குப் போதும். ஆனால் இந்தக் கணக்கில் மகன்தான் முந்துகிறான்.

சின்ன பாகம்: தாய்வழி மட்டும்

செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு டிஎன்ஏ உண்டு. மொத்தம் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். இது முட்டை வழியாக, அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். மாமனுக்கும் அவர் சகோதரிக்கும் அது ஒரே தாயிடமிருந்து வந்தது. சகோதரி அதைத் தன் மகனுக்குக் கொடுக்கிறாள். மாமனால் தன் மகனுக்குக் கொடுக்க முடியாது. மகனுக்கு வருவது மாமியினுடையது. அதாவது, இந்தத் துண்டு மட்டும் அச்சு அசல் மருமக்கள்வழி! இதற்கு நேரெதிராக ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும்.

இரண்டு வழியும் சேரும் இடம்

சொத்து மருமகனுக்குப் போய்விடும், மகளுக்கு என்ன மிஞ்சும்? மகளை அந்த மருமகனுக்கே கட்டிவைத்தால் அவளும் அதை அனுபவிப்பாள். முறைப்பெண் கல்யாணத்துக்கு இது ஒரு காரணம். சொத்துக் கணக்கில் லாபம்தான். மரபணுக் கணக்கில் ஒரு செலவு இருக்கிறது.

தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். ஒரு மரபணு பழுதாகி, அதன் ஜோடி நன்றாக இருந்தால் பெரிய தொந்தரவு இருக்காது. அவரைக் கேரியர் என்போம். இரண்டுமே பழுதானால்தான் கடுமையான நோய் வரும். இப்போது மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் பொதுவான தாத்தா ஒரு கேரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பேரனுக்கு வந்திருக்க வாய்ப்பு 1/4, பேத்திக்கும் 1/4. இருவரிடமும் இருக்க 1/16. இருவருமே கேரியர் என்றால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர வாய்ப்பு 1/4. மொத்தம் 1/64. தாய்மாமனையே கட்டினால் ஒரு தலைமுறை குறைவதால் இது 1/32 ஆகிறது.

எனவே, "சொந்தத்தில் கட்டினாலே பிள்ளை ஊனமாகும்" என்பதும் தப்பு, "எங்க குடும்பத்துல யாருக்கும் ஒண்ணும் வந்ததில்ல" என்பதும் பாதுகாப்பு இல்லை. கேரியரைப் பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாது. தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. இப்படி ஒரு குழந்தை பிறந்தால் "மருமகள் கொண்டுவந்த வியாதி" என்று பழியைப் பெண் தலையில் போடுவது இன்றும் நடக்கிறது. மேலே போட்ட கணக்கை ஒருமுறை பாருங்கள். இந்த நோய்க்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் வேண்டும். இதில் பங்கு சரிபாதி. தலசீமியா கேரியரா என்று ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். சொந்தத்தில் சம்பந்தம் பேசுகிறவர்கள், தேதி குறிப்பதற்கு முன்னால் இரண்டு பேருக்கும் அதைச் செய்துவிடுவது நல்லது.