அம்மம்மாவின் காணியைத் தேடி ஒரு பயணம்

இடம்பெயர்வு என்பது தீவகத்து மக்களுக்குப் புதிய சொல் அல்ல. 1990, 1991ஆம் ஆண்டுகளில் நடந்த படை நடவடிக்கைகளின்போது ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு எனப் பல ஊர்களிலிருந்தும் எம்மவர்கள் கையில் கிடைத்ததோடு வெளியேறினார்கள். யாழ்ப்பாணத்திற்கு வந்தவர்கள் 1995இல் அங்கிருந்தும் எழும்பினார்கள். வன்னிக்குப் போனவர்கள் 2009 வரை பட்டதை நான் இங்கு எழுதத் தேவையில்லை. இதை வாசிக்கும் சகோதரிகள் பலர் அதனை அனுபவித்தவர்கள். வேறு பலர் கனடா, பிரான்ஸ், லண்டன், சுவிஸ் என்று கடல் கடந்தார்கள்.

இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். “எங்கட ஊர் எது? அம்மம்மாவின்ர வீடு எந்த இடத்தில இருந்தது?” என்று கேட்கிறார்கள். விடுமுறைக்கு வந்து பார்க்கவும் விரும்புகிறார்கள். இந்தக் கேள்வி வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. முகாமில் பிறந்து, உறவினர் வளவில் வளர்ந்த எமது பிள்ளைகளுக்கும் அது உண்டு. கேட்டால் அம்மா அழுவார் என்று அவர்கள் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கிளிநொச்சிப் பக்கத்தில் வசிக்கும் ஒரு சகோதரியை என் பணியின் காரணமாகப் பல ஆண்டுகளாக அறிவேன். கணவரைப் போரில் இழந்தவர். இரண்டு பெண்பிள்ளைகள். அவரது தாயார் நெடுந்தீவைச் சேர்ந்தவர். கனடாவில் உள்ள தமக்கையின் மகள் தொலைபேசியில், “நான் வாறன் சின்னம்மா, அம்மம்மாவின்ர ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்று கேட்டிருக்கிறாள். சகோதரிக்கு மகிழ்ச்சி ஒரு பக்கம், கலக்கம் மறுபக்கம். சிறு வயதில் ஒரு தடவை போனதோடு சரி, அவருக்கே இடம் தெரியாது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. “எப்பிடி அக்கா இதை ஒழுங்குபடுத்திறது?” என்று என்னிடம் கேட்டார். நாங்கள் இருந்து திட்டமிட்டபோது கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அயர்லாந்துக்காரரும் நாங்களும்

வேர் தேடிப் போவது எமக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. அயர்லாந்து நாட்டில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. சுமார் பத்து இலட்சம் பேர் இறந்தனர். அதே அளவினர் கப்பலேறி அமெரிக்கா முதலிய நாடுகளுக்குப் போனார்கள். அவர்களுடைய சந்ததியினர் இன்றும் ஆண்டுதோறும் அயர்லாந்தின் கிராமங்களுக்கு வந்து பூட்டன் பூட்டியின் வீட்டைத் தேடுகிறார்கள். 1922இல் டப்ளின் நகரிலிருந்த ஆவணக் காப்பகம் உள்நாட்டுச் சண்டையில் எரிந்து, பழைய குடிசனக் கணக்கெடுப்பு ஏடுகளிற் பெரும்பகுதி அழிந்துபோனது. ஆகவே அவர்கள் தேவாலயப் பதிவேட்டையும் கல்லறைக் கற்களையும் ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்தையும் கொண்டே தேடுகிறார்கள். எமக்கும் ஓர் எரிப்பு உண்டு. 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை உருவாக்க உழைத்தவர்களில் ஒருவரான லோங் அடிகளார் அயர்லாந்துக்காரர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அதே பெயர் தொடர்கிறது. குடும்பப் பெயரும் பிறந்த மிகச் சிறிய நிலப்பிரிவின் பெயரும் தெரிந்தால் தேடலிற் பாதி முடிந்தது. எமக்கோ தகப்பன் பெயர்தான் முதலெழுத்து. அது ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். பெண்ணுக்குத் திருமணத்தின்பின் மீண்டும் மாறும். மூன்று தலைமுறை பின்னோக்கிப் போனால் பெயரை வைத்து எதையும் பிடிக்க முடியாது.

அப்படியானால் எமது வேர் எங்கே இருக்கிறது? காணியில் இருக்கிறது. அதிலும் பெரும்பாலும் தாய்வழிக் காணியில் இருக்கிறது.

சீதன உறுதி சொல்லும் கதை

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரிக்கிறது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போவதும், கணவன் மனைவி வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் எம்மிடையே வழக்கம். தனிநாயகம் அடிகளாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரது தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்தவர். ஆனால் அடிகளார் 1913இல் பிறந்தது தாயாரின் ஊரான ஊர்காவற்றுறைக் கரம்பொனில். சேவியர் என்ற பெயரோடு வளர்ந்தவர், பின்னாளில் நெடுந்தீவு முன்னோரின் பெயரான தனிநாயகம் என்பதைத் தம் பெயராக்கிக்கொண்டார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடுவதற்கு முன்னின்று உழைத்த அந்தப் பேரறிஞரும் தம் வேரை மறக்கவில்லை.

எனவே தேடலை அம்மம்மாவின் சீதன உறுதியிலிருந்து தொடங்குங்கள். பழைய உறுதியில் காணியின் பெயர், பரப்பு, நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி ஆகியன இருக்கும். நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரின் மகள் இன்னாளின் காணி என்று அயலவர் பெயர்கள் வரும். அந்த அயலவரில் ஒருவருடைய பிள்ளை இன்றும் ஊரில் இருந்தால் அவரே உங்களுக்கு வழிகாட்டி. உறுதி தொலைந்துவிட்டதென்று கைவிட வேண்டாம். நொத்தாரிசின் பெயரோ உறுதி இலக்கமோ காணியின் பெயரோ தெரிந்தால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் தேடுதல் விண்ணப்பம் கொடுத்துப் பிரதி கேட்கலாம்.

பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். எமது தலைமுறையின் சான்றிதழில் பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கிறது. பூட்டனாருக்கும் ஒன்று உண்டு. பாட்டிக்கும் பூட்டிக்கும் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழியை மட்டுமே கணக்கெடுத்தது. தாய் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்கும் என்ற திருத்தம் 2003இல்தான் வந்தது. அரசாங்கத்தின் கடதாசி விட்ட இடத்தை நாங்கள்தான் எழுதி நிரப்ப வேண்டும்.

முதலில் ஒரு கொப்பி

பயணத்திற்கு முன் மூன்று கிழமை அந்தத் தாயாரோடு இருந்து ஒரு கொப்பியில் எழுதினோம். பேர்த்தியார்தான் எழுதினார். தொடக்கத்தில் அவர், “எனக்கொண்டும் ஞாபகமில்லைப் பிள்ளை” என்றார். பெயர்களைக் கேட்டபோது வரவில்லை. கிணற்றைப் பற்றிக் கேட்டபோது வந்தது. எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், யார் யார் அள்ள வருவார்கள், எந்த வழியாகக் கோவிலுக்குப் போவீர்கள், ஆர் பிள்ளைப்பேறு பார்த்தது என்று கேட்கக் கேட்க ஓர் ஊரே எழும்பி வந்தது. ஆண்கள் காணி எல்லையைச் சொல்வார்கள். பெண்கள் தண்ணீர் அள்ளிய வழியைச் சொல்வார்கள். இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டும் வேண்டும்.

வேறு சில இடங்களிலும் விபரம் கிடைக்கும். இறந்தவரின் 31ஆம் நாளில் வெளியிடும் கல்வெட்டு எனப்படும் நினைவு மலரில் பெரும்பாலும் வம்சாவழி இருக்கும். உறவினர் வீட்டு அலுமாரிகளில் தேடச் சொல்லுங்கள். பத்திரிகை மரண அறிவித்தல்களில் பிறப்பிடம், வதிவிடம், பிள்ளைகள், மருமக்கள் என்று ஒரு குடும்பமே வரிசையாக நிற்கும். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஊர் வரலாறுகளும் கோவில் மலர்களும் பாடசாலை மலர்களும் உள்ளன. பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே இலவசமாகப் பார்க்கலாம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குத் தேவாலயத்தின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் உதவும். ஞானத்தாய் தந்தையர் பெயர்கூட அதில் இருக்கும். பிறப்பு, இறப்புச் சான்றிதழ் பிரதிகளுக்கு ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு பிரதேச செயலகங்களில் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் பிள்ளை வந்து நிற்கும் இரண்டு கிழமைக்குள் எல்லாம் ஆகாது. முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கடலும் காலமும்

ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் பஸ்ஸில் போகலாம். புங்குடுதீவுக் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு வள்ளத்தில் கால் மணி நேரம் அளவில் போய்விடலாம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அனலைதீவு, எழுவைதீவு போகிறவர்கள் ஊர்காவற்றுறையில் ஏற வேண்டும். வாடைக்காற்றுக் காலத்திலும் சோளகம் வீசும் காலத்திலும் கடல் குழம்பும். மாசி தொடக்கம் சித்திரை வரை வயதானவர்களோடு போக ஏற்ற காலம். உறவினரைச் சந்திப்பதுதான் முதல் நோக்கமென்றால், ஆனி மாதத்தை ஒட்டி வரும் நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குப் போகலாம். ஊர் ஊராகச் சிதறியவர்கள் அங்கே கூடுவார்கள். திரும்பும் படகு நேரத்தை முதல்நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர், மருந்து, அடையாள அட்டை மறக்க வேண்டாம்.

நெடுந்தீவுக்கு ஒரு தனி வசதி உண்டு. மற்றத் தீவுகளில் வேலிகள் கிடுகாலும் பனையோலையாலும் ஆனவை. ஆள் இல்லாவிட்டால் சில மாரியில் மறைந்துவிடும். நெடுந்தீவில் முருகைக்கல் அடுக்கிய மதில்கள். வீடு இடிந்தாலும் எல்லை நிற்கும். உறுதியும் மதிலும் சந்திக்கும் இடத்தில் உங்கள் அம்மம்மாவின் முற்றத்தைக் காணலாம்.

ஆனால் எங்கள் தாயாருக்குத் தடையாக இருந்தது இடமல்ல, கடல். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் அறிவோம். அதன்பின் படகு என்றாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். “நீங்கள் போட்டு வாங்கோ, நான் படம் பாக்கிறன்” என்றார். வற்புறுத்தவில்லை. குறிகட்டுவான் துறை வரைக்கும் வந்து கடலைப் பார்ப்பது, விரும்பினால் ஏறுவது, இல்லாவிட்டால் மகளோடு நயினாதீவில் கும்பிட்டுவிட்டு, அதற்கும் மனமில்லையென்றால் துறையிலேயே காத்திருப்பது என்று ஒழுங்கு செய்தோம். முடிவு அவருடையது. இது முக்கியம். வேர் தேடும் பயணம் பேரப்பிள்ளைக்கு மகிழ்ச்சியான பயணமாக இருக்கலாம். அம்மாவுக்கு அது இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் காத்திருக்கும் இடம். ஒரே நாளில் எல்லா வீட்டையும் காட்டி அவரைக் களைக்க வைக்காதீர்கள். அழுதால் அழ விடுங்கள்.

வளவில் வேறொருவர் இருந்தால்

இன்னொரு விடயத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். உங்கள் காணியில் வேறு குடும்பம் இருக்கலாம். பெரும்பாலும் அவர்களும் எங்கோ இருந்து ஓடி வந்தவர்கள்தான். முதல்நாள் உறுதியோடு வாசலில் போய் நிற்க வேண்டாம். ஊரவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், “அம்மம்மா பிறந்த இடத்தைப் பாக்க வந்தனாங்கள்” என்று சொல்லுங்கள். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். உரிமை கோருவதானால் அது வேறு வேலை. அதற்குச் சட்ட உதவி பெற்று, தனியாகச் செய்யுங்கள்.

குடும்பத்திற்குள்ளும் பேசுங்கள். வெளிநாட்டில் உள்ள அக்காவுக்கு அந்தக் காணி ஒரு நினைவு. காணியே இல்லாமல் இங்கு இருக்கும் தங்கைக்கு அது ஒரு வாழ்வு. கனடாப் பிள்ளை அதை விளங்கிக்கொண்டாள். “அம்மாவோட கதைக்கிறன் சின்னம்மா, நீங்கள் யோசிக்காதேங்கோ” என்றாள். இந்தப் பேச்சைத் தொடக்கி வைத்தது அந்தக் கொப்பிதான்.

சகோதரிகளே, வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஞாபகம் உள்ள பெண்கள் ஒவ்வொரு மாரியிலும் குறைந்துகொண்டு போகிறார்கள். இன்று இரவே ஒரு கொப்பியை எடுத்து உங்கள் அம்மா, அம்மம்மா, பூட்டி என்று மூன்று பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் தண்ணீர் அள்ளிய கிணறு எங்கே இருந்தது என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் நாளைக்கு யாரிடம் கேட்கலாம் என்பதை எழுதுங்கள். பயணம் எப்போது வாய்த்தாலும் வாய்க்கட்டும். உங்கள் மகள் கேட்கும்போது கொடுக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும்.