கூட ஒரு பட்டை கேட்காதீர்கள்

"அண்ணே, முன்னாடி கூட ஒரு பட்டை வச்சுக் கட்டிடுங்க. லோடு தாங்க மாட்டேங்குது." அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய லாரிப் பட்டறையில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலை பார்க்கும் என்னிடம் டிரைவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. நான் கட்ட மாட்டேன். வாக்குவாதம்தான் நடக்கும்.

சரக்கு லாரியில் ஏற்றும் லோடில் பெரும்பங்கு பின் அச்சுக்குத்தான் போகிறது. முன் அச்சின்மேல் எப்போதும் உட்கார்ந்திருப்பது என்ஜினும் கேபினும். அரசாங்கத்தின் கணக்கும் அப்படித்தான் இருந்தது: இரண்டு டயர் முன் அச்சுக்கு 6 டன், நான்கு டயர் பின் அச்சுக்கு 10.2 டன். 2018 ஜூலையில் வரம்பை உயர்த்தியபோது பின் அச்சு 11.5 டன் ஆனது. காகிதத்தில் எண் ஏறியதால் பழைய வண்டியின் பட்டை கனத்துவிடவில்லை.

அதனால் முன்பக்கம் தாழ்ந்திருந்தால், லோடைக் குறை சொல்லாமல் முதலில் பார்க்க வேண்டியது, பட்டை வளைவு இழந்து தட்டையாகிவிட்டதா, நடுவில் ஏதாவது உடைந்திருக்கிறதா என்பதை. உடைசல் பெரும்பாலும் பட்டைகளை அச்சோடு இறுக்கும் யு போல்ட்டுக்குள் ஒளிந்திருக்கும். துருக்கோடு ஒன்று பக்கவாட்டில் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

கனமான பட்டை கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அகலமும் நீளமும் மாறாமல் 13 மி.மீ. பட்டைக்குப் பதில் 14 மி.மீ. போட்டால், அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய கால் பங்கு கூடும். ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவா என்பார்கள். கனத்தை அதே கனத்தால் இருமுறை பெருக்கிப் பார்த்தால் புரியும். விறைத்த பட்டை தன் பங்குக்கு மேல் சுமையை இழுத்துக்கொண்டு முதலில் உடையும். அதுவரை ஒவ்வொரு பள்ளமும் டிரைவர் இடுப்புக்குத்தான்.

ஆகவே மாடலுக்கு உரிய செட்டையே வாங்குங்கள். பட்டைகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் கனம், அகலம், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டிலிருந்து மெயின் பட்டையின் இரு முனைக் கண்களுக்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அந்த இரண்டு தூரமும் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாரபோலிக் செட் என்றால் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த இரண்டு மூன்று பட்டைதான். ஒன்றோடொன்று உரசாது, ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர் வேலை. அதில் சாதாரணப் பட்டையைச் சொருகுவது கெடுதல்.

பல செட்டுகளில் இரண்டாவது பட்டையின் முனை, மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றி வளைந்திருக்கும். மிலிட்டரி ராப்பர் என்று பெயர். மெயின் பட்டை கண்ணருகே உடைந்தாலும் அச்சு கழன்று போகாமல் அது பிடித்துக்கொள்ளும். பெயர்தான் மிலிட்டரி, எங்கள் ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் விஜயந்தா டாங்கியில் பட்டையே கிடையாது, முறுக்கிக்கொடுக்கும் டார்ஷன் பார்தான்!

மாற்றும்போது பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு மாதிரி சரிவான தகடு இருந்தால், தடித்த பக்கம் எது என்று கழற்றும் முன்பே சாக்பீஸால் குறித்துவிடுவேன். திருப்பி வைத்தால் கிங் பின்னின் சாய்மானம் மாறி, ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. வண்டி ரோட்டில் அலையும். உடைந்த பட்டையை வெல்டிங் வைக்கவே கூடாது. எண்ணெயில் முக்கிப் பதமேற்றிய எஃகு அது. சூடு பட்டால் பதம் போய், ஒட்டுக்குப் பக்கத்திலேயே அறுந்துவிடும். இடது, வலது இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தளர்ந்தது என்றால் வண்டி சாய்ந்தே ஓடும்.

யு போல்ட் புதிதாகத்தான் போட வேண்டும். வண்டியை இறக்கி, எடை பட்டைமேல் உட்கார்ந்தபின் நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். பூந்தமல்லியில் லோடு ஏற்றி பெங்களூர் போய் வந்தால் பட்டைகள் படிந்து அந்த முறுக்கு தளர்ந்திருக்கும். மறுபடி முறுக்கக் கூலி வாங்க மாட்டேன், வந்துவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். "அடுத்த டிரிப்புல பாத்துக்கலாம்ணே" என்பார்கள். சென்டர் போல்ட் அறுந்து, ஒரு பக்கம் அச்சு பின்னால் நகர்ந்து வரும் வண்டிகளில் பாதி இவர்களுடையதுதான்.